ததேயூஸின் சொடக்கு

ததேயூஸோடு பறவைப் படம் எடுக்கப் போவதைப்போல வீண் வேலை வேறில்லை. முப்பது வருடமாகப் பூவார்ப் பக்கத்தில் கல்யாணப் படம் எடுத்தவன் அவன். ஸ்டுடியோவை மகன் பிபினிடம் விட்டுவிட்டு இப்போது பறவைகளின் பின்னால் அலைகிறான். அவனுக்குக் கூட்டுக்காரன், பழைய சிநேகிதன் என்ற பாவத்துக்கு நானும் அலைகிறேன்.

இன்று விடியலில் நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் தோணியை நிறுத்தினோம். பத்தடி தள்ளி ஒரு கம்பின் மேல் மீன்கொத்தி இருந்தது. ததேயூஸ் கேமராவைக் கண்ணில் வைத்தான். இடது கை தானாக உயர்ந்து சொடக்குப் போட்டது. மீன்கொத்தி பறந்துவிட்டது. இதோடு மூன்றாவது பறவை.

“எலே, அது என்ன கல்யாணப் பொண்ணா? சொடக்குப் போட்டா ஒன்னப் பாத்துச் சிரிக்குமா?”

“பழகின கையாக்கும் மக்கா. நான் என்ன செய்ய?”

இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். ஆனால் என் கல்யாண நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று லில்லிக்குட்டி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. இவன் சொடக்குப் போட்டான். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள், பயந்துபோனதை நினைத்து உடனே சிரித்தும்விட்டாள். அவள் இறந்து நான்கு வருடமாகிறது. வீட்டுச் சுவரில் இருப்பது அந்தச் சிரிப்புதான்.

சற்று நேரத்தில் மீன்கொத்தி அதே கம்புக்குத் திரும்பி வந்தது. ததேயூஸ் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் கேமராவைத் தூக்கினான்.

“கைய எடுலே,” என்றேன். “ஒரு சொடக்குப் போடு. பறந்தா பறக்கட்டு.”