ரெண்டு மொழம் பிலிம்

முந்தாநேத்து மாட்டுவண்டியில மைக் கட்டி நோட்டீஸ் போட்டுனு வந்தாங்க. வண்டி பின்னாடி ஓடுற வயசு இல்ல எனக்கு, ஆனா ஓடுனேன். ஒரு ரோஸ் நோட்டீஸ் கெடச்சிது. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படிக்கவே தேவப்படல, மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சி போச்சி. தாடி மழிக்காத அந்த இன்ஸ்பெக்டரு. எங்க அண்ணன் ஓட்டுன படம்.

அண்ணன் செஞ்சியில டூரிங் கொட்டாயில படம் ஓட்டுற ஆபரேட்டரு. போன மாசியில மஞ்சக்காமாலையில செத்துப் பூட்டான். அவன் சட்டையில எப்பவும் பிலிம் ஒட்டுற மருந்து வாசன வரும், அழுவுன வாழப்பழம் மாதிரி. இப்பகூட கடத்தெருவுல அந்த வாசன வந்தா சட்டுனு திரும்பிப் பாக்கறேன். வாழத்தாருதான் தொங்கும்.

அந்தப் படம் மொதமொத வந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். கோட்ட மலைக்குப் பின்னால சூரியன் எறங்குனாத்தான் மொத ஆட்டம். பொம்பளைங்க பக்கம் மணலக் குவிச்சி மேடு கட்டி ஒக்காந்தேன். பாட்டே கெடையாது படத்துல. மழ, சேறு, வேர்வ. கொலகாரனத் தேடி இன்ஸ்பெக்டர் சந்து சந்தா போறாரு. ஒரு மூடுன கதவுல கைய வெக்கறாரு. அங்க பிலிம் மெசின்ல சிக்கிக் கிழிஞ்சி போச்சி.

"டேய் ஆபரேட்டரு, தூங்கிட்டியா?"ன்னு ஒரே விசிலு. அண்ணன் அவசரத்துல கிழிஞ்சதெல்லாம் வெட்டிட்டு ஒட்டி ஓட்டுனான். பாத்தா, கதவு தொறக்கவே இல்ல, இன்ஸ்பெக்டர் உள்ள நிக்கறாரு!

மறுநாளு மளிகைக்கட அம்மா என்னக் கூப்ட்டு, "ஏன்டி, உங்கண்ணன் போலீஸ்காரனப் பேயாக்கிட்டானாமே?"ன்னாங்க. மானம் போச்சின்னு வூட்டுக்கு வந்து சண்ட போட்டேன்.

"எவ்ளோ வெட்டுன?"

"ரெண்டு மொழம்."

"பூவா, மொழம் போடறதுக்கு?"

"இந்தா, தலையில வச்சிக்க"ன்னு சட்டப் பையிலேர்ந்து சுருட்டி எடுத்துக் குடுத்தான். பவுடர் டப்பாவுல போட்டு வச்சேன்.

நேத்து படத்துக்குக் கெளம்புனப்ப அம்மா வாசல மறிச்சிக்கினா. "சாவு வுழுந்து வருசம் திரும்பல, சினிமாவாடி கேக்குது?" அவளுக்கு எப்டிச் சொல்றது? அண்ணன் போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. அவன் ஒட்டுன எடம் அந்தப் படத்துல இருக்கும், அந்த ஒரு எகிறலப் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். ஒரு படத்துக்கு ஒரே பிலிம் பொட்டிதான், அதுதான் ஊரு ஊரா சுத்துதுன்னு நெனச்சினு இருந்தேன். என் புத்தி அவ்ளோதான்.

கதவு வந்துது. கைய வெச்சாரு.

கதவு கிறீச்சுன்னு மெதுவா தொறந்துது. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நின்னாரு. மூஞ்சியத் தொடச்சிக்கினு, பயந்து பயந்து உள்ள போனாரு. சாதாரண மனுசன். புதுப் பொட்டி. யாரும் விசிலடிக்கல.

பக்கத்துல ஒரு பொம்பள, "இன்னாத்துக்கும்மா அழுவுற? இன்னும் ஒண்ணும் ஆவலியே"ன்னா.

வூட்டுக்கு வந்து டப்பாவத் தொறந்தேன். பவுடர் வாசனதான் வந்துது. வெளக்குகிட்ட தூக்கிப் பாத்தா, கட்டம் கட்டமா அதே கதவு, அதே கை. ரெண்டு மொழமும் அப்டியே இருக்குது. ஆனா அந்தப் படத்துல இப்ப எதுவும் கொறையல.