டீசர்ட்டைத் திருப்பிப் பார்த்தவர்

கடைசி செமஸ்டர் முடியுமுன் நானும் செந்திலும் திருப்பூரிலிருந்து பைக்கில் கிளம்பி, தூத்துக்குடி போகும் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடையில் நின்றோம். அங்கே நரைத்த தாடியும் வெள்ளை வேட்டியுமாக ஒரு பெரியவர், செந்திலையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சரியாகப் படவில்லை. பைக் சாவியை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

திடீரென்று எழுந்து வந்தவர், செந்திலின் டீசர்ட் விளிம்பைத் திருப்பி உள்தையலைத் தடவினார். எங்கள் ஊரில் பனியன் தொழில் தெரிந்தவர்கள்தான் அப்படித் தையலைப் பார்ப்பார்கள். இவர் யார்?

“ஏனுங்க, கையை எடுங்க” என்றான் செந்தில்.

“எந்தக் கம்பெனில தச்சது கண்ணு?” எங்கள் ஊர்ப் பேச்சேதான்.

“எங்கப்பா கம்பெனிதானுங்க. திருப்பூர்ல நெருப்பெரிச்சல்.”

சுட்டதுபோல் கையை எடுத்தார். அவன் முகத்தை மறுபடி பார்த்தார்.

“என்னையப் பாத்தத அப்பாகிட்டச் சொல்லீராத கண்ணு.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நாங்கள்.

செந்தில் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. அந்தப் பெரியவர்மேல் எனக்கு இப்போது சந்தேகமே கிடையாது. செந்திலின் அப்பா சிரித்த முகமாக, “சாப்ட்டியா கண்ணு?” என்று கேட்கும்போது, அந்தப் பெரியவர் இப்படிப் பயந்து ஒளிய இவர் என்ன செய்திருப்பார் என்று இவர் முகத்தைத்தான் உற்றுப் பார்க்கிறேன்.