ஒரே ஆளுக்குப் பெரட்டு

செல்லசாமி கங்காணி இருபத்தேழு வருடம் கொழுந்து மலையில் நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை செய்தார் என்று சொன்னால் கூடை சுமந்த இருபத்து நாலு பெண்களும் சண்டைக்கு வருவார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது, மலைக்குப் போனதும் யாருக்கு எந்த நெரை என்று தேயிலை வரிசையைப் பிரித்துக் கொடுப்பது, பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "கைய ஓட்டு, கைய ஓட்டு" என்று சத்தம் போடுவது. இதுதான் உத்தியோகம். அதிலும் நெரை பிரிக்கிற வேலை இருக்கிறதே, அவருடைய ராஜாங்கமே அதில்தான் இருந்தது. தளதளவென்று கொழுந்து நிற்கிற நெரை சொந்த அக்கா மகள் ஜீவராணிக்கு. கல்லும் தண்ணீர் ஓடுகிற கானும் அட்டையுமாகக் கிடக்கிற ஓர நெரை அம்மாக்கண்ணுவுக்கு.

அம்மாக்கண்ணு அந்நியம் இல்லை. செல்லசாமியின் அப்பா பெரியகருப்பனும் அம்மாக்கண்ணுவின் அம்மா வீராயியும் கூடப்பிறந்தவர்கள். வீராயியை வலப்பனைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருசன் செத்ததும் கைப்பிள்ளையோடு பொகவந்தலாவைக்கே திரும்பி வந்துவிட்டாள். முறைப்படி பார்த்தால் செல்லசாமிக்கு அம்மாக்கண்ணுதான். அந்தக் காலத்திலேயே அவர் கங்காணி வேலைக்குப் பழகிக்கொண்டிருந்தார். பெண் கேட்டுப் போனார்கள். "நிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணுமின்னா நான் ஒரு கம்பம் நட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். பிறகு அவர் பரிமளத்தைக் கட்டினார். அம்மாக்கண்ணுவுக்கு ஓர நெரை நிரந்தரமாயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தோட்டத்துத் துரை எல்லோரையும் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து சப்பாத்து பளபளக்க ஒருவர் வந்திருந்தார். "இனிமே மேல கீழன்னு கிடையாது. கங்காணி, தொழிலாளின்னு பிரிவு கிடையாது. நாம எல்லாரும் ஒரே டீம்" என்றார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒருவர் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். டீமில் மீதிப் பேர் தூறலில் நனைந்தோம்.

விஷயம் இதுதான். மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பத்துக்கு ஒன்று கொடுப்பார்கள். அவரவர் துண்டை அவரவர் பார்த்து, கொழுந்தை ஃபேக்டரிக்குப் போட வேண்டும். கங்காணிமார் இனித் தேவையில்லை. எட்டு நாளைக்கு ஒரு தடவை கொழுந்து எடுத்தே ஆக வேண்டும். மூன்று தடவை விட்டுப்போனால் துண்டைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

செல்லசாமிக்கு ஆயிரத்து இருநூறு செடி வந்தது. குடும்பத் தலைவர் என்கிற இடத்தில் அவர் பேரை எழுதினார்கள். அதுவும் கையை விட்டுப் போனால், ஐம்பத்தேழு வயதில் நுவரெலியாப் பக்கம் கூலிக்குப் போய் கரட் பிடுங்க வேண்டியதுதான். வேறு ஒருவராக இருந்தால் கொழுந்து எடுக்கிறவர்கள் கட்டுகிற சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பார். இவர் முதல் நாள் காலை ஏழு மணிக்குத் துண்டின் மேல் முனையில் கம்போடு போய் நின்று பெரட்டு வைத்தார்.

"பரிமளம்!"

இரண்டடி தூரத்தில் நின்ற பரிமளம் கொட்டாவி விட்டாள்.

"பேர் கூப்புட்டா பதில் சொல்லணும்."

"இங்கதானே நிக்கிறேன். கண்ணு தெரியலையா?"

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? பத்து நிமிசம் லேட்டு வேற. இன்னைக்கி ஒனக்கு அரைப்பேரு."

அரைப்பேர் என்றால் பாதி நாள் வேலைதான் பதிவாகும். பரிமளம் கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்க கங்காணி. அப்ப மத்தியானம் ஒங்களுக்கு அரை ரொட்டி."

சொன்னபடியே பாதி ரொட்டிதான் கொடுத்தாள். அதற்கும் அவர் அசையவில்லை. ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஒரு கங்காணி என்று மலை முழுக்க இரண்டு பேரும் ஊர்வலம் போனார்கள். பக்கத்துத் துண்டில் அம்மாக்கண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டே சிரித்தாள்.

"ஏன் மச்சான், ஒரு கணக்கப்பிள்ளையும் வச்சுக்கிட்டா மேற்பார்வ இன்னும் நல்லா நடக்குமே!"

"ஒன் வேலையப் பாரு."

"நான் பாக்குறேன். நீங்க எப்ப பாப்பீங்க?"

ஒற்றை ஆளால் ஆயிரத்து இருநூறு செடியை எட்டு நாளுக்குள் முடிக்க முடியுமா? பரிமளத்துக்கு ஒரு மாதத்தில் தோள்பட்டை வீங்கிவிட்டது. அம்மாக்கண்ணுவுக்கும் ஜீவராணிக்கும் அதே கதைதான். மூன்று பேரும் குழாயடியில் நின்று பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டு நாள் மூவரும் அம்மாக்கண்ணு துண்டில், அடுத்த இரண்டு நாள் ஜீவராணி துண்டில், அதற்கடுத்த இரண்டு நாள் பரிமளம் துண்டில். கொழும்பிலிருந்து எவரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. டீம் என்ற வார்த்தையையும் அவர்கள் வாயில் எடுக்கவில்லை.

தன் துண்டுக்கு மூன்று பெண்கள் வந்ததைப் பார்த்ததும் செல்லசாமிக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கம்பை நீட்டினார்.

"ஜீவராணி, நீ ரோட்டுப் பக்கம் பிடி. பரிமளம் நடுவுல. அம்மாக்கண்ணு, நீ கான் ஓரமாப் போ."

அம்மாக்கண்ணு கூடையை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டு தன் துண்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஜீவராணியும் போனாள்.

"ஏய், நீ எங்கடி போற? ஒனக்கு நல்ல நெரைதானே குடுத்தேன்?" என்று செல்லசாமி கத்தினார்.

"குடுத்தீங்க மாமா, இல்லேங்கல. அந்த நெரைக்காக எத்தன வருசம் ஒங்க வீட்டுக்கு வெறகு சொமந்தேன்னு அயித்தகிட்ட கேளுங்க" என்றாள் அக்கா மகள்.

கடைசியில் பரிமளமும் கூடையை எடுத்தாள். "மலையில நிக்கிறவுங்க சாக்கு கட்டணும். அதான் நாங்க பேசிக்கிட்டது. ஒங்களுக்குச் சம்மதமின்னா சொல்லி அனுப்புங்க."

அன்றிலிருந்து மூவரும் மற்ற இரண்டு துண்டிலும் மாறி மாறி எடுத்தார்கள். செல்லசாமி துண்டில் அவரும் அட்டையும்தான். முதல் தடவை விட்டுப்போயிற்று. இரண்டாவதும் போயிற்று. கொழுந்து முற்றிச் செடி காடாகிக் கிடந்தது. மலை பார்க்கிற உத்தியோகத்தர் விஜிதரன் சின்னப் பொடியன்தான், ஆனாலும் ஐயா. அவர் வந்து துண்டு முனையில் சிவப்புச் சாயம் பூசிய குச்சி ஒன்றை அடித்தார். "திங்கக்கெழம வருவேன். அன்னைக்கும் இப்புடியே கெடந்தா நாங்க எடுத்துக்குவோம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து செல்லசாமி தானே இறங்கினார். மத்தியானம் வரைக்கும் பிடுங்கினார். பிடுங்கினார் என்பது சரியான வார்த்தை. இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளச் சொல்லி இருபத்தேழு வருடம் கத்தியவர், காம்பும் கட்டையுமாக நாலு கிலோ கொண்டுபோனார். நிறுக்கிற இடத்தில் அதைக் கொட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டுக்குப் போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஜீவராணி துண்டின் ஓரத்தில் ஒரு ஆள் நின்றது. இடுப்பில் சாக்கு கட்டியிருந்தது. கையில் கம்பு இல்லை.

"பரிமளம்," என்றார் செல்லசாமி. "எனக்கு எந்த நெரை?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க அம்மாக்கண்ணு முந்தானையைக் கடித்தாள்.

"எனக்குப் பக்கத்துல வாங்க. பேசாம வரணும்" என்றாள் பரிமளம்.

நாலு பேரும் செல்லசாமி துண்டில் ஏறினார்கள். பேசாமல் வரச் சொன்னாலும் அவருக்கு வாய் நிற்கவில்லை. பத்துச் செடிக்கு ஒரு தடவை "கைய ஓட்டு" என்று தன்னையே ஏசிக்கொண்டார். பாதி மலை முடிந்தபோது விஜிதரன் ஃபோனும் பேப்பருமாக வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"பரவால்லயே. மிச்சத்தையும் இன்னைக்கே முடிச்சா துண்டு தப்பிச்சிரும். மேலிடத்துல நல்லா நடக்குற டீம் ஒண்ணு கேக்குறாங்க. இதையே எழுதிரலாம். லீடர் யாரு?"

செல்லசாமியின் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"அவரு புதுசுங்கய்யா. வேல பழகிக்கிட்டு இருக்காரு" என்றாள் பரிமளம்.

விஜிதரன் பேப்பரைப் புரட்டினார். "துண்டு அவரு பேர்லதானே இருக்கு?"

"அப்ப அந்தப் பேப்பர கொழுந்து எடுக்கச் சொல்லுங்க. நாங்க எறங்குறோம்" என்று அம்மாக்கண்ணு கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். ஜீவராணியும் மாட்டினாள். பரிமளம் புருசனைத் திரும்பிப் பார்க்காமலே குனிந்து தன் கூடையைத் தூக்கினாள்.

செல்லசாமி மேலே பார்த்தார். பாதி மலை அப்படியே கிடந்தது.

"எழுதுங்கய்யா," என்றார். "பரிமளம் பேர எழுதுங்க. துண்டையும் அவ பேருக்கே மாத்திருங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

போட்டார். கொழுந்துக் கறை பட்ட கையெழுத்து. மூன்று மணிக்குள் நாலு பேருமாக மலையை முடித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவை பஜாரில், தேத்தண்ணிக் கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு செல்லசாமி பேசிக்கொண்டிருந்தார். "டீம் ஓடணுமின்னா பொறுப்ப பிரிச்சுக் குடுக்கணும், தம்பி. எல்லாத்தையும் நாமளே வச்சுக்கக் கூடாது. பாரு, எங்க வீட்டுல நான்தான் அவளுக்கு ப்ரமோசன் போட்டேன்."

சாமான் பையோடு வெளியே நின்ற பரிமளத்துக்கு அது நன்றாகக் கேட்டது.

"சீக்கிரம் குடிச்சிட்டு வாங்க, பஸ் வருது" என்றாள். "நாளைக்கி அம்மாக்கண்ணு மலை. லேட்டாப் போனா அவ ஏசுவா."