காதில் சத்தம் கேட்கிறதா

மணிலாவை ஒட்டிய மீன்துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த டெல்ஃபினுக்கு, சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தது. மாதக்கணக்கில் தினமும் ஊசி. வரிசையில் பக்கத்தில் உட்காரும் தையற்காரி அம்பாரோ ஒருநாள், "காதுக்குள்ள விசில் அடிக்குது தம்பி. நர்ஸ்கிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க அக்கா. பிழைக்க வேணாமா? பேசாம இருங்க."

இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த ஊசியால் அம்பாரோவுக்குக் காது போய்விட்டது.

அதன்பிறகு டெல்ஃபின், மருந்தின் பக்கவிளைவுகளை நோயாளிகளே கேட்டறிந்து மருத்துவமனைக்குத் தெரிவிக்கும் குழுவில் சேர்ந்து, வீடு வீடாகப் போனான். "காதுல சத்தம் கேக்குதா?" என்று கேட்கும்போதெல்லாம், அவன் உதட்டையே உற்றுப் பார்க்கும் அம்பாரோவின் கண்கள் எதிரே வந்து நின்றன.

சென்ற மாதம், அதே ஊசி போட்டுக்கொண்டிருந்த, வலை பின்னும் இசிட்ரோ, "ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

"பொய். ரேடியோவ அலற விடுறாரு, பக்கத்து வீட்டுக்காரி திட்டுறா" என்றாள் அவர் மனைவி.

டெல்ஃபின் அன்றே மருத்துவமனையில் படிவம் கொடுத்தான். அவர்கள் சோதித்துப் பார்த்து, ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். இசிட்ரோவின் காது அதற்குமேல் கெடவில்லை.

அதை ஒரு தாளில் எழுதி அம்பாரோவிடம் காட்டினான். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுத நினைத்து, எழுதாமலே விட்டான். அவள் இரண்டு முறை படித்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "நல்லது பண்ணினே தம்பி. அன்னைக்கு நான் உன் பேச்சக் கேக்காம இருந்திருக்கலாம்."

அன்று இன்னும் மூன்று வீடுகள் பாக்கி இருந்தன. போனான். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்டான்.