வளைவுக்கு முன்னால் வைரவரை நிறுத்தியவர்

போன ஞாயிற்றுக்கிழமை குருநகரிலிருந்து எங்கள் ஓவசியர் சூசைப்பிள்ளையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றாள். அழுதேன். அழுது முடிப்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அவரோடு வேலை செய்த உங்களில் எவருக்கும் இது வியப்பாக இராது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் கொடிகாமத்து வீதிப் பகுதி அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். அவர் வீதிகளைப் பராமரிக்கும் ஓவசியர். எங்காவது வாகனம் புரண்டால் முதலில் சைக்கிளில் போய் நிற்பவர் அவர்தான். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைத் துரத்த மாட்டார். "பாக்க வந்தனீங்கள்தானே, ஒரு கை பிடியுங்கோ" என்பார். பாதிப் பேர் மெல்ல நழுவுவார்கள். மீதிப் பேர் லொறியை நிமிர்த்திவிடுவார்கள். பாரந்தூக்கி கேட்டுக் கடிதம் எழுதினால், பதில் வருவதற்குள் லொறியில் புல் முளைத்துவிடும் காலம் அது.

அப்போதுதான் பருத்தித்துறை வீதியில், ஒரு வளைவில் வெங்காய லொறி ஒன்று புரண்டது. சாரதிக்குக் கீறல்கூட இல்லை. வைரவர்தான் காப்பாற்றினார் என்று, விழுந்த இடத்திலேயே ஒரு சூலத்தை நட்டு விளக்கேற்றிவிட்டுப் போனான். அதோடு விட்டதா? போகிற வருகிற வாகனமெல்லாம் அங்கே நின்று கற்பூரம் கொளுத்தத் தொடங்கின. வளைவு திரும்பி வருபவனுக்கு முன்னால் நிற்பது தெரியாது; வந்து முட்டுவான். உயிர் தப்பியதற்கு அவனும் ஒரு தேங்காய் உடைப்பான். அதைப் பார்க்க இன்னொரு கூட்டம் நிற்கும்.

எங்கள் அலுவலகப் பொறியியலாளர் பொறுமையிழந்தார். சூலம் அகலாவிட்டால், அந்த வீதியில் பஸ் விட வேண்டாமென்று எழுதப்போவதாகச் சொன்னார். பஸ் நின்றால் முதலில் முடங்குபவர் வளைவடியில் குடியிருந்த பொன்னம்மாக்கா. கத்தரிக்காய் நிறைந்த அவருடைய ஓலைக் கடகம் அதில்தான் சந்தைக்கு வரும். அந்தக் கடகத்தை நம்பித்தான் அவர் வீட்டில் உலை ஏறும். சூலத்துக்கு நாள்தோறும் விளக்கு வைத்தவரும் அவரேதான்!

சூசை அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நான் வேதக்காரன், பிள்ளை. எனக்கு மாதாவோடைதான் பழக்கம், வைரவரோடை இல்லை. நீ பக்கத்திலை நில்" என்றார்.

பொன்னம்மாக்கா சூலத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "பஸ் நிண்டால் நான் தலையிலை சுமந்து போறன். சாமியிலை கை வையாதேங்கோ!"

"கை வைக்க வரேல்லை, அக்கா. ஒரு சந்தேகம் கேக்க வந்தனான். வைரவர் காவல்காரர்தானே?"

"ஓம்."

"காவலுக்கு நிக்கிறவர் வாசல் படலையிலை நிப்பாரோ, உள்ளை குசினிக்கை நிப்பாரோ?"

"படலையிலைதான்."

"அப்ப ஏன் இவரை விழுந்த இடத்திலை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்? வளைவுக்கு முன்னாலை, அந்த வேம்படியிலை நிண்டாரெண்டால் விழ முந்தியே மறிப்பாரே."

பொன்னம்மாக்கா வளைவைப் பார்த்தார், வேம்பைப் பார்த்தார், என்னையும் ஒருமுறை முறைத்தார். பிறகு, "உதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

நல்ல நாள் பார்த்து அவரே சூலத்தைக் கொண்டுபோய் நட்டார். வேம்பு நின்றது நேர்வீதியில். அங்கே நிற்கும் வாகனம் தூரத்திலேயே தெரியும். அண்ணை வீதியோரத்தை அகட்டிக் கிரவல் மண் போட்டு, லொறிகள் ஒதுங்கி நிற்க இடம் செய்தார். எங்கள் 'மெதுவாகச் செல்க' பலகையை எவனும் மதித்ததில்லை. வைரவரைக் கண்டதும் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள். பஸ்ஸும் தடைப்படாமல் ஓடியது. பொன்னம்மாக்கா கடகத்தோடு முன் ஆசனத்தில் இருந்து, எங்கள் அலுவலகத்தைக் கடக்கும்போது பொறியியலாளரின் யன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்.

அதன்பின் நான் ஒன்றைக் கவனித்தேன். அந்த வழியால் போகும்போதெல்லாம் அண்ணை வேம்படியில் சைக்கிளை விட்டு இறங்குவார். கும்பிடுவதில்லை, சற்று நின்றுவிட்டு வளைவுக்குள் போவார்.

"வேதக்காரருக்கு இங்கை என்ன அலுவல்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"சனம் இங்கை மெதுவாப் போகவேணுமெண்டு சொன்னவன் நான். நானே இறங்காட்டி வேறை ஆர் பிள்ளை இறங்குவினம்?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். பின்னாளில் தலைமை எழுதுவினைஞராகி, ஊருக்கெல்லாம் உத்தரவு போடும் சுற்றறிக்கைகளைத் தயாரித்தேன். ஒவ்வொன்றையும் அனுப்புமுன், இதற்கு நான் இறங்குவேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

கிழித்துப் போட்டவைதான் அதிகம்.