எந்த ஜாயின்ட்?

சிங்கப்பூரில், ஜூரோங் பட்டறையில் அவருக்கு ‘சொட்டு அழகப்பன்’ என்று ஒரு பெயர். வைத்தவன் எப்போதோ ஊருக்குப் போய்விட்டான், பெயர் மட்டும் போகவில்லை. பல வருஷத்துக்கு முன்னே ஒரு பெரிய சலவைக்கூடத்துக்கு மண்ணுக்கடியில் குளிர்நீர்க் குழாய் போட்டார்கள். உள்ளே இரும்புக் குழாய், சுற்றிலும் குளிர் காக்கிற கெட்டி நுரை, அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை. வெல்டிங் அழகப்பன். கொஞ்ச வருஷத்திலேயே ஒழுகியது. “ஜாயின்ட் போச்சு” என்றார்கள். ஜாயின்ட் என்றால் வெல்டிங், வெல்டிங் என்றால் அழகப்பன். அவசரத்துக்கு ஒரு பட்டையைப் போட்டு இறுக்கி மண்ணைத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் டீ வாங்கினால்கூட, “கிளாஸ் சொட்டுதான்னு பாத்துக்குங்கண்ணே” என்பான் எவனாவது ஒருத்தன். அந்தக் கோபத்தை இன்றுவரை இறக்கிவைக்க இடம் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் அதே சலவைக்கூடம், பழசை எடுத்துவிட்டு வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் புதுக் குழாய் போடச் சொன்னது. எந்தக் குழாய் என்று முடிவு செய்யவேண்டியவர் நூருன்னிசா, கம்பெனிக்குச் சாமான் வாங்குகிறவர். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, வீடு சுவா சூ காங்கில். பட்டறையில் எல்லாருக்கும் லாத்தா, அக்கா மாதிரி. அவருடைய வாப்பா லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எந்தத் துணியையும் திருப்பி உள்பக்கம் பார்த்த பிறகுதான் லாத்தா வெளிப்பக்கம் பார்ப்பார். குழாயும் அப்படித்தான். விற்க வந்தவன் வழவழப்பான உறையைத் தடவிக் காட்டுவான், இவர் அறுத்த முனையில் நகத்தை விட்டு நுரையைக் கிள்ளுவார். நுரை தண்ணீர் குடிக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு மேசைக்கடியில் தள்ளிவிடுவார்.

“என்ன லாத்தா, இட்லிக்கு ஊறவைக்கிறீங்களா?” என்பான் விற்க வந்தவன்.

“ஆமா, நீங்கதான் அரைக்கணும்.”

குளிர்நீருக்கு முழுக்க பிளாஸ்டிக் என்று பேச்சு கிளம்பியது. அதைச் சூடுகாட்டி ஒட்டிவிடலாம், வெல்டர் தேவையில்லை. அழகப்பன் நேரே போய் நின்றார்.

“என்னை நம்பாமத்தானே இரும்பை விடுறீங்க?”

லாத்தா கண்ணாடியைத் துடைத்தார். “தெரியாமத்தான் கேக்கிறேன் தம்பி. அன்னைக்கு எந்த ஜாயின்ட் போச்சு?”

“ஜாயின்ட்னா ஜாயின்ட்தான். இதென்ன கேள்வி?”

“இரும்பை இரும்போட சேக்கிறது ஒரு ஜாயின்ட். அதுக்கு மேல உறையை உறையோட சேக்கிறது இன்னொரு ஜாயின்ட். ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு. போனது எது?”

இத்தனை வருஷம் கறுவிக்கொண்டிருந்த அழகப்பன் இதை ஒருநாளும் யோசிக்கவில்லை.

பள்ளம் தோண்டின அன்று லாத்தா முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பட்டையோடு சேர்த்து ஒரு துண்டை அறுத்து மேலே ஏற்றினார்கள். நுரை ஊறிப்போய்க் கையோடு வந்தது. இரும்பைத் துரு வெளியிலிருந்து உள்ளே தின்றிருந்தது. துளை இருந்தது வெல்டிங்குக்கு நாலு விரல் தள்ளி. வெல்டிங் வரியில் ஒரு குறை இல்லை. உறையைச் சேர்க்கிற வளையம்தான் ஒரு பக்கம் ஒட்டவே இல்லை, உள்ளே மண். மழையோடு மழையாக எவனோ மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

“ஐஸ் கிளாஸ் வேர்க்குதுல்ல, அந்த மாதிரி குழாயும் ஈரத்தை இழுக்கும்” என்றார் லாத்தா. “காயறதுக்கு வழியே இல்ல, பாவம்.”

இன்ஜினியர் ரமணன் குனிந்து பார்த்தார். “வெல்டிங் நல்லாத்தான் இருக்கு லாத்தா. அன்னைக்கு நாங்க வெறும் ஜாயின்ட்னு எழுதி விட்டுட்டோம்.”

கடைசியில் குளிர்நீருக்கு பிளாஸ்டிக்தான் வந்தது, அதற்குத் துரு கிடையாது. வெந்நீருக்கு இரும்பு. சலவைக்கூடத்துச் சூட்டுக்கு அந்தப் பிளாஸ்டிக் தளர்ந்துவிடும்.

“அப்ப பாதி வேலை போச்சு” என்றார் அழகப்பன்.

“மானம் வந்துச்சே.”

அந்த மாசத்தோடு லாத்தா வேலையை விட்டு நின்றார். கிளம்புகிற அன்று, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தோரம் வந்தார். உள்ளே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த அழகப்பன் எழுந்தார்.

“வெல்டிங் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிடாதீங்க தம்பி. உறையையும் நீங்களே மூடுங்க. அது வெல்டர் வேலை இல்லன்னு எனக்குத் தெரியும். உள்ள காத்தடிச்சு, மேல சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க, குமிழி வரலன்னா வளையத்துத் துளை வழியா நுரையை ஊத்துங்க. மழை வந்தா நிறுத்திடுங்க, யார் அவசரப்படுத்தினாலும் சரி.”