ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலி

லென்னி வைட்கஸ் இந்தத் தெருவிலேயே பிறந்தவன். மாநகராட்சிக் குப்பை லாரியின் பின்படியில் நின்றுகொண்டு போகிற வேலை. பள்ளிக்கூடத்தை முடிக்காமலே அதில் ஏறினான். படிப்பை முடிக்காததில் மட்டும் அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. நான் ஹீட்டர் ரிப்பேருக்குப் போனேன். அவனுக்குப் பேச்சு குறைவு. கை இரண்டும் முறம் மாதிரி. ஐரீன் டூலனைக் கட்டியபோது, குப்பைக்காரனுக்கா கொடுக்கிறோம் என்று அவள் அண்ணன் மார்ட்டி ஒரு வாரம் வீட்டுக்கே போகவில்லை. பிறகு மார்ட்டிதான் பக்கத்து வீடு காலியானதும் வாங்கி வந்து குடியேறினான். தங்கச்சியை விட்டு இருக்க முடியவில்லையாம்.

சிக்காகோவில் தெற்குப் பக்கம் வளர்ந்தவனுக்கு நாற்காலி விஷயத்தைச் சொல்லித் தர வேண்டாம். பனி கொட்டினால் காரைச் சுற்றி அள்ளுகிறோம். காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது, அள்ளின பள்ளத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போகிறோம். திரும்பி வரும்வரை அந்த இடம் அள்ளினவனுடையது. தெரு மாநகராட்சியுடையதுதான். முதுகுவலி யாருடையது?

நாற்காலியை நகர்த்திவிட்டுத் தன் வண்டியை விடுகிறவனுக்குத் தண்டனை உண்டு. ரப்பர் குழாயை இழுத்துவந்து கார்மேல் தண்ணீர் அடிப்போம். விடிவதற்குள் கார் ஐஸ் பெட்டியாகிவிடும். அவ்வளவுதான், கணக்கு தீர்ந்தது. அதற்கப்புறம் அவனைப் பார்த்தால் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாதவன் மட்டமானவன்.

இந்த வழக்குகள் எல்லாம் லென்னியிடம்தான் போகும். பாதிப் பள்ளம் நான் தோண்டினேன், மீதியை அவன் தோண்டினான், இடம் யாருக்கு? லென்னி வந்து பார்ப்பான். பனிச்சுவரில் மண்வாரி பதிந்த தடத்தைப் பார்ப்பான். "கனமான ஈரப் பனிய யாரு அள்ளுனது? அவனுக்கு," என்பான். பனோசோ அம்மா ஒரு வருஷம் மூக்கு உடைந்த மாதா சிலையைப் பள்ளத்தில் நிறுத்திவைத்தாள். "மாதாவ நகத்தற பாவத்த அடுத்தவன் தலையில வைக்காதீங்க, ஸ்டூலப் போடுங்க," என்று தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தான்.

மாநகராட்சிக்கு இதெல்லாம் பிடிக்காது. பிப்ரவரியில் ஒரு தேதி சொல்லும். அன்றிலிருந்து தெருவில் கிடக்கிற சாமான் எல்லாம் குப்பை. குப்பை என்றால் யார் எடுப்பது? லென்னி.

இதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். தேதிக்கு முந்தின சாயங்காலம் வீடு வீடாகக் கதவைத் தட்டுவான். "நாளைக்கு உள்ள எடுத்துருங்க. லாரி போனதும் போட்டுக்கலாம்." எல்லோரும் எடுத்துவிடுவார்கள். லாரி வரும்போது தெரு துடைத்து விட்டாற்போல இருக்கும். அவன் வேலையும் நடந்தது, எங்கள் நாற்காலியும் பிழைத்தது. வருஷா வருஷம் இப்படித்தான்.

அந்த வருஷம் தேதிக்கு முந்தின நாள் மறுபடி கொட்டியது. இடுப்பளவு. பழைய பள்ளம் எல்லாம் மூடிக்கொண்டது. தெருவே திரும்ப மண்வாரியோடு இறங்கியது. புதுப் பனி, புது முதுகுவலி. யாருக்கு நாற்காலியை எடுக்க மனசு வரும்?

போதாததற்குத் தெருக்கோடியில் புதிதாகக் கட்டின கண்ணாடி வீட்டுக்காரன் ஒருத்தன் புகார் கொடுத்திருந்தான். வார்டுக்குப் புது சூப்பர்வைசர் வந்திருந்தான், ஹார்லன் என்று பெயர். லாரிக்குப் பின்னாலேயே தன் காரில் வந்து பார்க்கப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. லென்னிமேல் ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. முந்தின பனிக்காலத்தில் வேறொரு தெருவில் யாரோ கிழவர் இடம் பிடிக்க நிறுத்தியிருந்த நடைவண்டியை எடுக்க மனசில்லாமல் விட்டுவிட்டான். இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும். பென்ஷன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதைவிட, ஐரீனுக்குச் சர்க்கரை. தினம் ஊசி. அந்த ஊசி மருந்து அவன் வேலையோடு வருகிற இன்சூரன்சில்தான் ஓடுகிறது.

சாயங்காலம் அவன் மார்ட்டி வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் உள்ளே ஹீட்டர் பக்கத்தில் மண்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நாற்காலிய உள்ள எடுத்துக்குங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு லாரி வருது."

"லாரின்னா யாரு? நீதான மாப்ள வர்ற."

"நான்தான். பின்னாலயே சூப்பர்வைசர் வரான்."

"அவனா தோண்டுனான்? எனக்கு இன்னும் இடுப்பு நிமிரல. கெவின் என் வண்டிய வேலைக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். புள்ள ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுட்டு வந்தா நிறுத்த இடம் வேணாமா?"

"லாரி போற வரைக்குந்தான், மச்சான்."

"அதுக்குள்ள அந்தக் கண்ணாடி வீட்டுக்காரன் விட்டுட்டா? அவன் மாடியிலருந்து பருந்து மாதிரிப் பாத்துக்கிட்டே இருக்கான்."

லென்னி குல்லாயைக் கழற்றினான். "எனக்கு ஒரு மெமோ இருக்கு."

"அப்ப ரெண்டாவதையும் வாங்கிக்க. ஆம்பளையா வாங்கிக்க. என் நாற்காலில கை வச்சுப் பாரு, அதுக்கப்புறம் இந்த வாசப்படி ஏறாத. தங்கச்சி வரலாம். நீ வேணாம்."

"மார்ட்டி, ஒரு ஓட்ட நாற்காலிக்குப் போயி..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஹீட்டரப் பாரு."

நான் ஹீட்டரைப் பார்த்தேன். வெளியே வந்தபோது லென்னி படியில் நின்றுகொண்டிருந்தான். "ஐரீன்கிட்ட சொல்லிராத," என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் லாரி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு நாற்காலிகூட உள்ளே போயிருக்கவில்லை. ஸ்டூல், இஸ்திரி மேஜை, உடைந்த தொட்டில், எல்லாம் நின்றன. மார்ட்டி ஒருத்தன் செய்யாததால் எவனும் செய்யவில்லை. எல்லா ஜன்னலிலும் முகம். சொந்தத் தெருவில் லென்னி என்ன செய்யப்போகிறான் என்று பார்க்க நின்றார்கள். நானும்தான்.

தெருவில் நுழைந்ததும் முதல் பள்ளம் அவனுடையது. அதில் கிடந்தது அவனுடைய மடக்கு நாற்காலி. லாரி நின்றது. லென்னி இறங்கினான். ஒற்றைக் கையால் தூக்கிப் பின்வாயில் போட்டான். நெம்புகோலை இழுத்தான். இரும்புப் பலகை இறங்கி அதை நசுக்குகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. எங்களை யாரையும் அவன் பார்க்கவில்லை.

அப்புறம் பாருங்கள், கதவுகள் திறந்தன. பனோசோ அம்மா செருப்புக் காலோடு பனியில் ஓடிவந்து ஸ்டூலை அள்ளிக்கொண்டு போனாள். தொட்டில் போயிற்று, இஸ்திரி மேஜை போயிற்று. தன் நாற்காலியைத் தானே நசுக்கினவன் நம்முடையதை விடமாட்டான் என்று புரிந்துவிட்டது.

மார்ட்டியும் வெளியே வந்தான். கெவின் வேலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் காபியோடு பள்ளத்தில் இறங்கினான். அங்கே போட்டிருந்த சமையலறை நாற்காலியில் லாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

சூப்பர்வைசர் ஹார்லன் காரைவிட்டு இறங்கி வந்தான். "எந்திரிங்க."

"ஏன், இது பஸ் ஸ்டாப்பா?" என்றான் மார்ட்டி.

"தெருவுல கிடக்கற சாமான் எல்லாம் குப்பை. உத்தரவு."

"சாமான் குப்பை, சரி. மேல உக்காந்திருக்கறவன்? அதயும் எழுதியிருக்காங்களா? படிச்சுக் காட்டு, கேப்போம்."

இரண்டு வீட்டு ஜன்னலில் சிரித்தார்கள். ஹார்லனுக்குக் காது சிவந்துவிட்டது. குளிரா கோபமா தெரியாது. லென்னி பக்கம் திரும்பினான்.

"எடு."

"ஆள் இருக்காரு சார்."

"ஆள விட்டுட்டு நாற்காலிய எடு. முடியலன்னா முடியலன்னு வாயால சொல்லு. எழுதிக்கறேன்."

நான் அப்போதே போனை எடுத்துவிட்டேன். ஐரீன் இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. சொல்லாதே என்று அவன் சொன்னது நேற்று. "ஐரீன், உன் அண்ணன் நாற்காலில உக்காந்திருக்கான், உன் புருஷன் அவன் பின்னால நிக்கறான், சூப்பர்வைசர் பேனாவத் திறந்துட்டான்," என்றேன். பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது, போன் நின்றுபோனது.

லாரி டிரைவர் யோலாண்டா தலையை வெளியே நீட்டினாள். "லென்னி, நான் எறங்கட்டுமா?"

"டிரைவர் எறங்கக் கூடாது. உக்காரு."

அவன் நடந்து பள்ளத்துக்கு வந்தான். "மச்சான்," என்றான். மார்ட்டி காபியைக் குடித்தான். "மச்சான், எந்திரிங்க. ஐரீனுக்காகக் கேக்கறேன்."

"அவளுக்காக நான் உயிரக் குடுப்பேன். நாற்காலியக் குடுக்க மாட்டேன்."

"ரெண்டுல எது வேணும்னு நான் கேக்கலயே."

மார்ட்டி திரும்பவில்லை. "தொடு. தொட்டுட்டு அப்புறம் பேசு."

லென்னி கையுறையை இழுத்து இறுக்கிக்கொண்டான். இரண்டு கையையும் நீட்டினான். எனக்கு எதிர்வீட்டு வாசலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கைக்கும் நாற்காலி முதுகுக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அங்கே கை நின்றது. பின்வாங்குவதற்கு நின்றதா, பிடிப்பதற்கு முன் நின்றதா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஹாரன் சத்தம். எங்களுடையது ஒருவழித் தெரு. எதிர்முனையிலிருந்து, வரக்கூடாத திசையில், ஐரீனின் சின்னக் கார் பனியில் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. நேராக வந்து மூக்கை மார்ட்டியின் பள்ளத்துக்குள் நுழைத்தது. அவன் முழங்காலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. லென்னி பக்கத்துப் பனிமேட்டில் ஏறி நின்றுகொண்டான்.

ஐரீன் கண்ணாடியை இறக்கினாள். தலையில் சமையல் வலை அப்படியே இருந்தது.

"எந்திரிண்ணே. வண்டிய விடப்போறேன்."

"இது என் இடம், ஐரீன்."

"தெரியும்."

"நான் தோண்டுனது."

"தெரியுது. அழகா தோண்டியிருக்க. எந்திரி."

"உன் இடம் அந்தப் பக்கம் காலியாத்தான கிடக்கு?"

"லாரி மறிச்சுக்கிட்டு நிக்குது. நான் என்ன பறந்தா போவேன்?"

மார்ட்டியின் குரல் இறங்கிவிட்டது. "நாற்காலி கிடக்கற எடத்துல வண்டிய விட்டா என்ன ஆகும்னு தெரியுமில்ல? தங்கச்சின்னு பாக்க முடியாது. தெருவே பாத்துக்கிட்டிருக்கு."

"பாக்காத. நான் கேட்டனா?"

கார் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. பிறகு இன்னொரு விரற்கடை. காபி அவன் போர்வையில் சிந்தியது. யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் பிறந்த எவளும் எவனும், அடுத்தவன் உட்கார்ந்தே காவல் காக்கிற பள்ளத்தில் வண்டியை விட்டதில்லை. அதைவிடக் கேவலம் கிடையாது. அவள் அதைப் பட்டப்பகலில், கூடப்பிறந்தவனுக்கே செய்துகொண்டிருந்தாள்.

மார்ட்டி எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பனிச்சுவரில் ஏறி, நடைபாதையைத் தாண்டித் தன் வாசலில் கொண்டுபோய் வைத்தான். கார் பள்ளத்தை நிரப்பி நின்றது.

"ஒருவழித் தெரு இது!" என்று ஹார்லன் கத்தினான்.

"அபராதச் சீட்டு எழுதறதா இருந்தா எழுதிக் குடுங்க, சார். அடுப்புல சூப்பு இருக்கு."

ஹார்லன் தெருவை இந்த முனை முதல் அந்த முனை வரை பார்த்தான். ஒரு நாற்காலி இல்லை. எழுத ஒன்றும் இல்லை. பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டான். லாரியும் நகர்ந்தது. பின்படியில் ஏறும்போது லென்னி ஐரீனைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. காரில் இருந்த மருந்துப் பையை எடுத்தாள், காகிதங்களை எடுத்தாள். கடைசியாகக் கண்ணாடி துடைக்கிற குச்சி இரண்டையும் நிமிர்த்தி விட்டாள், ஐஸில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மார்ட்டி நிலவறையிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். வேலை முடிந்து வந்த லென்னி தன் படியில் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் கூரையில் விழுந்து, கதவில் வழிந்து, புகை மாதிரி ஆவி எழும்பியது. மார்ட்டி ஒரு இடம் விடாமல் அடித்தான். முகத்தைப் பார்த்தால் செத்த வீட்டில் வேலை செய்கிறவன் மாதிரி இருந்தான்.

"மச்சான், பின்கதவுப் பூட்டுல அடிக்காதீங்க. ஏற்கெனவே கெட்டது," என்றான் லென்னி.

மார்ட்டியின் குழாய் பின்கதவைத் தொடாமல் தாண்டிப் போயிற்று.

அந்தக் கார் பங்குனி வெயில் வரும்வரை நகரவில்லை. ஐரீன் அதுவரை நடந்தே வேலைக்குப் போனாள். லென்னியின் பள்ளம் நாற்காலி இல்லாமல் சும்மா கிடந்தது. "நம்ம இடத்துல விட்டுக்கடா," என்று லென்னி கெவினிடம் சொன்னான். அப்பன் கூடாது என்றுவிட்டான், பையன் எங்கேயோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துவந்தான். கடைசியில் கண்ணாடி வீட்டுக்காரன் அதில் வண்டியை விட்டான். நாற்காலி இல்லாத இடம், யார் என்ன கேட்பது?

ஐரீனும் மார்ட்டியும் அந்த வாரமே ஒன்றாகப் பூசைக்குப் போனார்கள். அவள் தப்பு செய்தாள், தண்ணீர் வாங்கிக்கொண்டாள், தீர்ந்தது. லென்னி விஷயம் தீரவில்லை. அவன் தொடவில்லை. தொட்டிருந்தால் மார்ட்டி ஒரு குத்து விட்டிருப்பான், கோடைகாலத்தில் ஒன்றாக பியர் குடித்திருப்பார்கள். தொடாதவனை என்ன செய்வது? "எடுத்திருப்பியா?" என்று ஒருநாள் நானே லென்னியிடம் கேட்டேன். "உன் ஹீட்டர் வேலையப் பாரு," என்றான்.

பென்ஷன் வாங்கிவிட்டான். ஐரீனுக்கு மருந்து தட்டில்லாமல் கிடைக்கிறது. போன மாதம் கெவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். மார்ட்டி வீட்டில்தான் சாப்பாடு. லென்னி வாசற்படியில் கொஞ்சம் தயங்கி நின்றான், ஐரீன் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். மேஜையில் மார்ட்டிக்கு நேர் எதிரே இடம். சாஸேஜும் உருளைக்கிழங்கும் வந்தன.

மார்ட்டி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தான். "ஐரீன், உன் புருஷன்கிட்ட அந்த உப்பக் குடுக்கச் சொல்லு."

ஐரீன் சாப்பிட்டுக்கொண்டே, "உனக்கு வாய் இல்லியா?" என்றாள்.

லென்னி உப்புச் சீசாவை எடுத்தான். நீட்டவில்லை, மேஜைமேல் வைத்து மெதுவாகத் தள்ளினான். அது பாதி தூரம் போய் நின்றது. மார்ட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் உப்பில்லாமலே சாப்பிட ஆரம்பித்தான்.